ஊரப்பாக்கத்தில் விழாமல் நின்ற ஐந்தாவது ஆடு

இரும்பு ஆட்டைச் சுடுவதற்காக விழுப்புரத்திலிருந்து ரயிலேறிப் போன குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். 2008 பிப்ரவரி, ஒரு சனி, ஞாயிறு. இதைப் பற்றி எழுதச் சொல்லிப் பின்னூட்டத்தில் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அதில் இரண்டு பேர் நிஜமாகவே போகப்போவதாகச் சொன்னதால் வழி, செலவு எல்லாம் ஒழுங்காகத் தருகிறேன். நடுநடுவே கொஞ்சம் புலம்புவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். இரும்புத் தகட்டில் கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா என்று நாலு உருவங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக ஒரு தண்டவாளத் துண்டின்மேல் நிற்க வைத்திருப்பார்கள். ஏர் ரைஃபிளை எதன்மேலும் சாய்க்காமல், நின்ற வாக்கில், இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். கோழி இருபது கெஜம், பன்றி முப்பது, வான்கோழி முப்பத்தாறு, ஆடு நாற்பத்தைந்து. தூரத்தில் நிற்கும் அந்த ஆடு ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டைவிடச் சின்னது. குண்டு பட்டு 'டிங்' என்று சத்தம் வந்தால் மட்டும் போதாது, உருவம் கீழே விழ வேண்டும். அப்போதுதான் கணக்கு. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? இதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சண்டை போடலாம் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரப்பாக்கத்துக்கு மேற்கே, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். போர்டு எல்லாம் கிடையாது. ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆடு ஐந்தையும் ஒரே மூச்சில், ஒன்றுகூடத் தவறாமல் தள்ளியவரின் பெயரை அந்த ஐந்தாவது ஆட்டின் முதுகுப்புறத்தில் வெள்ளைப் பெயிண்டில் பொடியாக எழுதிவிடுவார்கள். சுடுகிறவர்களுக்குக் கறுப்பு முகம் மட்டும்தான் தெரியும். பெயர்கள் அந்தப் பக்கம், பாறையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். இத்தனை வருஷத்தில் மூன்றே பெயர்கள்தான் ஏறியிருக்கின்றன.

என் வீட்டுக்காரர் பாஸ்கரனுக்கு நான்காவது பெயராக வர ஆசை. மனிதர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, உள்ளே பிளேட் வைத்துச் சேர்த்தார்கள். துப்பாக்கியைத் தாங்குகிற கை அதுதான். அன்றிலிருந்து எவ்வளவு குறி வைத்தாலும் குண்டு கீழேதான் போகும். 'கை தொங்குது வசந்தி' என்பார். முதலில் நானே அந்தத் துப்பாக்கியை விற்றுத் தொலையுங்கள் என்று கத்தினேன். தினம் காலையில் மொட்டை மாடியில் வெறும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனசு மாறிவிட்டது. இப்போது போட்டிகளில் அவர் பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்று குண்டு எங்கே பட்டது என்று சொல்வது நான்தான். ஸ்பாட்டர் என்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆட்டின் முதுகில் அவர் பெயர் ஏற வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் வெறி.

சனிக்கிழமை மதியம் விழுப்புரத்தில் பாசஞ்சர் பிடித்தோம். ஜி.எஸ்.டி. ரோடு வழியாக வரும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஊரப்பாக்கத்திலேயே இறங்கிவிடலாம். ஆனால் பஸ் குலுக்கினால் துப்பாக்கிமேல் இருக்கும் குறிக்கண்ணாடி நகர்ந்துவிடுமாம். ஆகவே ரயில், அதுவும் ஊரப்பாக்கத்தில் நிற்காமல் தாண்டிப் போகிற ரயில். துப்பாக்கிக்கு உறை வாங்க மனசு வராமல் அதைக் கோரைப்பாயில் சுற்றி, இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருந்தார். தாம்பரத்தில் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கிழக்குப் பக்கம் வந்து சிட்லபாக்கத்துக்கு ஆட்டோ கேட்டோம், ஐம்பது சொல்லி நாற்பதுக்கு ஒத்துக்கொண்டார். பாயை நீளவாக்கில் உள்ளே வைக்கப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு டிரைவர் கேட்டார்:

"இன்னா சார், பாயில சுத்திக்கினு வர்றீங்க? உள்ள எதுனா உயிரோட கீதா?"

இவர் விளக்கமாகச் சொல்லப்போக, அந்த டிரைவர் செல்வத்துக்கு ஆர்வம் தாங்கவில்லை. மறுநாள் ஞாயிறு, சவாரி கம்மி, தானே ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வந்து குவாரியில் விடுவதாகச் சொன்னார். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இரவு என் சித்தி பெண் வீட்டில் தங்கினோம். ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. விடியற்காலையில் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. சரி, ஏரிக்கரை வரைக்கும் நடப்போம் என்று போனேன். தண்ணீர் மேல் புகை மாதிரி பனி. நடைப்பயிற்சி போகும் பெரியவர்கள் பாதி உடம்பு பனிக்குள்ளும் பாதி வெளியிலுமாக வந்து போனார்கள். யாருடைய செருப்புச் சத்தமும் கேட்கவில்லை. நான் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாரை மட்டும் அசையாமல் நின்றது, யாரோ தகட்டில் வெட்டி வைத்தது போல. திரும்பி வந்து காபி குடித்த பிறகும் அந்த மயக்கம் போகவில்லை. அன்று முழுக்கவே எனக்கு அப்படித்தான் இருந்தது.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயில். டிக்கெட் தலைக்கு ஐந்து ரூபாய். ஞாயிறு காலை என்பதால் பெட்டி காலி. பெருங்களத்தூரில் புதுசாக முளைக்கிற அடுக்குமாடிகள், பச்சை வலை போர்த்திக்கொண்டு வரிசையாக நகர்ந்தன. வண்டலூரில் ரயில் நின்றபோது எங்கிருந்தோ ஒரு உறுமல் வந்தது, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. எதிரே இருந்த பூக்கார அம்மா மிருகக்காட்சி சாலைச் சிங்கம் என்று சொல்லிவிட்டுத் தொடுப்பதைத் தொடர்ந்தார். பாஸ்கரன் பாயை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன், பார்த்தால் இடது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

ஊரப்பாக்கத்தில் இறங்கினால், சொன்னபடியே செல்வம் நின்றுகொண்டிருந்தார்! ஸ்டேஷனிலிருந்து குவாரி மூன்று கிலோமீட்டர், முப்பது ரூபாய். கடைசி அரை கிலோமீட்டர் வெறும் ஜல்லி, ஆட்டோவில் போனால் எலும்பை எண்ணிவிடலாம். நடந்துவிடுங்கள்.

குவாரிக்குள் இறங்கியதும் ரோட்டுச் சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. ஒரு மூலையில் பாசிப் பச்சையாகத் தண்ணீர். நடுவே அந்த இரும்புப் பிராணிகள் வரிசை வரிசையாக, யாரோ வந்து ஓட்டிப்போவதற்குக் காத்திருப்பவை போல நின்றன. கணக்கு எழுதுபவர் ஸ்டெல்லா அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதுதான் முடிவு. இன்னொருவர் அருள்தாஸ் சார், சிட்லபாக்கத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டின் முதுகில் இருக்கும் மூன்று பெயரில் ஒன்று அவருடையது. அதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை.

காலையிலேயே முதல் சண்டை வந்துவிட்டது. கோழியிலும் பன்றியிலும் எங்களவருக்குச் சுமார்தான். வான்கோழியில் இரண்டாவதைச் சுட்டபோது குண்டு வழக்கம்போல் கீழே போய்த் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த கல்லில் பட்டது. கல்லிலிருந்து ஒரு சில்லு தெறித்துப் போய் வான்கோழியின் காலில் மோத, அது யோசித்து யோசித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அருள்தாஸ் சார் எழுந்துவிட்டார். குண்டு படவே இல்லை, கல் பட்டதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டார். பாஸ்கரன் சண்டைக்கே போகாத ஆள். அன்றைக்கு என்ன வந்ததோ, நிமிர்ந்து நின்று குவாரி முழுக்க எதிரொலிக்கச் சொன்னார்:

"சார், கல்லோ மண்ணோ, விழுந்தா கணக்கு. விழலைன்னா இல்ல. அவ்வளவுதான் ரூலு."

ஸ்டெல்லா அக்காவும் அதையே சொன்னார். தெறித்து விழுந்தாலும் விழுந்ததுதான். அருள்தாஸ் சார் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அடேயப்பா, என் வீட்டுக்காரரா இது என்று இருந்தது.

மதியம் ஆளுக்கொரு பொட்டலம் தக்காளிச் சாதம், முப்பது ரூபாய் வசூல். சாப்பிட்டதும் எல்லோரும் பாறை நிழலில் சாய்ந்துவிட்டார்கள். வெயில் குவாரியில் குளம் மாதிரி தேங்கி நின்றது. நான் அரைத் தூக்கத்தில் தொலைநோக்கி வழியாக ஆடுகளைப் பார்த்தேன். கானலில் ஐந்தும் தரையைத் தொடாமல் மிதந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் குனிந்து ஆடுகளுக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தார். கனவு என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அது கனவில்லை. அருள்தாஸ் சார் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். குண்டு பட்ட தழும்பு தெரியாமல் இருக்க இடையிடையே கறுப்பு அடிப்பது வழக்கம்தான். வழக்கமாக அடிப்பது உடனே காய்கிற ஸ்பிரே. அன்றைக்கு அது தீர்ந்துபோயிருந்தது. வெளியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறதே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வீட்டுக் கேட்டுக்கு அடித்து மீந்த, மெதுவாகக் காய்கிற எனாமல் பெயிண்டைக் கொண்டுவந்திருக்கிறார். அடித்துக் காயவைத்து நிறுத்துவதை விட்டுவிட்டு, நிறுத்தி வைத்தே, முன்னும் பின்னும் அடித்திருக்கிறார். பின்னால் பெயர்களை மட்டும் கவனமாக விட்டுவிட்டு! முதல் நாலுக்கும் மெல்லிசாக. டப்பாவின் அடியில் கெட்டியாகத் தங்கியது மொத்தமும் ஐந்தாவதுக்கு.

சாப்பாட்டுக்குப் பின் முதலாவதாகச் சுடச் சீட்டு விழுந்தது பாஸ்கரனுக்கு. முதல் ஆடு, வயிற்றில். விழுந்தது. இரண்டாவதும் வயிற்றில்தான். மூன்றாவது தோளில் பட்டு, கொஞ்சம் தயங்கிவிட்டு விழுந்தது. அந்தத் தயக்கத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலாவதும் விழுந்தது. தொலைநோக்கியை ஐந்தாவதுமேல் திருப்பினேன். அவர் துப்பாக்கியை இறக்கி, இடது கையை உதறி, மறுபடி தூக்கினார். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பச்சைத் தண்ணீரில் ஒரு தட்டான் தொட்டுத் தொட்டுப் பறந்தது. வண்டலூர்ப் பக்கம் சிங்கம் மறுபடி ஒரு தடவை உறுமி அடங்கியது.

டிங்.

ஐந்தாவது ஆடு அரை விரல் அளவுக்குத் திரும்பியது. அப்படியே நின்றுவிட்டது.

ஆட்டம் பார்க்க அங்கேயே தங்கிவிட்ட செல்வம்தான் முதலில் வாயைத் திறந்தார். "அக்கா, சத்தம் வந்துச்சுல்ல? அப்பால இன்னா பேஜாரு?" என்றார். அதற்குள் எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். விழவில்லை என்றால் இல்லை என்று ஒரு கூட்டம். காலையில் அவரே சொன்னதுதானே என்று அதில் ஒருவர் சிரிக்க, தன் வினை தன்னைச் சுடும் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அருள்தாஸ் சார் தயங்கித் தயங்கி முன்னால் வந்து எனாமல் கதையைச் சொன்னார். ஆடு தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தப்பு தன்னுடையது, பாஸ்கரனுக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று காலையில் எதிர்த்த அதே மனிதர் வாதாடினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது என்று யாரோ கிண்டல் அடித்தார்கள். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது, பாவம்.

முக்கால் மணி நேரம் இழுத்தது. கடைசியில் ஸ்டெல்லா அக்கா விசில் ஊதினார். உருவத்தை நிறுத்தியதில் கோளாறு என்றால் சுடுகிறவருக்கு இன்னொரு குண்டு உண்டு, அதில் தள்ளினால் ஐந்தும் ஐந்துதான் என்றார். ஆனால் ஒன்று, பட்ட அடி ஒழுங்கான ஆட்டைத் தள்ளியிருக்கக்கூடிய அடியாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது ஸ்பாட்டர். இங்கே ஸ்பாட்டரை ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். பெண்டாட்டியோ, தம்பியோ, கூட்டாளியோ, அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒருத்தரும் போய்ச் சரிபார்ப்பதும் இல்லை.

"வசந்தி, எங்க பட்டுச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவரைத் தவிர. அவர் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் என்று சொன்னால் முடிந்தது. ஒரே ஒரு சொல். இன்னொரு குண்டு, அநேகமாக நாலாவது பெயர். நான் பார்த்தது தோள் இல்லை. கொம்பு நுனியில் பொட்டு மாதிரி குண்டின் ஈயம் ஒட்டியிருந்தது. அங்கே பட்டால் எந்த ஆடும் சுற்றிக்கொண்டு நிற்கும், பெயிண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டு வருஷமாக மொட்டை மாடியில் நின்ற மனிதரை நினைத்தேன். காலையில் அவர் நிமிர்ந்து நின்று பேசியதையும் நினைத்தேன்.

"கொம்பு நுனி அக்கா," என்றேன். "காஞ்ச ஆடா இருந்தாலும் விழுந்திருக்காது."

ஸ்டெல்லா அக்கா தலையை ஆட்டிவிட்டு அட்டையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு எதையோ பார்ப்பதுபோல் நின்றேன். கண்ணாடிக்குள் பாஸ்கரன் தெரிந்தார். மெதுவாக நடந்து, கானலுக்குள் போய், ஆடுகள் பக்கம் குனிந்தார். அடுத்தவர் சுட வேண்டுமே, ஐந்தாவதைக் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும். அது வரவே இல்லை. இடது கையால் பிடித்து, கட்டைவிரலை முதுகில் அழுத்தி, வெடுக்கென்று இழுத்தார்.

கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். மூன்று வெள்ளைப் பெயர்கள். அதற்குக் கீழே, காயாத கறுப்பில், அவர் கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அருள்தாஸ் சார் பதறிப்போய், அதன்மேல் அடித்துச் சரிசெய்யப் பிரஷ்ஷை எடுத்தார்.

"விடுங்க சார், அப்படியே காயட்டும்," என்றார் ஸ்டெல்லா அக்கா. பிறகு விசில் ஊதி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது செல்வம் காசைப் பத்து ரூபாய் குறைத்துத்தான் வாங்கினார். தாம்பரம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மேற்கே வெளிச்சம் பழுத்துப்போய் வீடுகளின் மொட்டை மாடிகள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன. அவர் என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. வண்டலூர் தாண்டிப் பெருங்களத்தூரும் வந்துவிட்டது. கறுப்புக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொம்பா?" என்றார்.

"கொம்புதாங்க. சத்தியமா."

"இல்ல, நீ சொன்னா சரிதான்." விரலை மேல்நோக்கி நீட்டினார். "கொம்புன்னா மேல போயிருக்கு வசந்தி. ரெண்டு வருஷத்துல ஒரு குண்டு கூட மேல போனதில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தக் குண்டுக்குக் கை தொங்கவே இல்லை. பைத்தியக்காரி மாதிரி ரயிலில் சிரித்தேன், அழுதேன், இரண்டும். அவர் என் முந்தானையில் விரலைத் துடைக்கப் பார்த்தார். விடுவேனா? எனாமல், போகாது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். தாம்பரத்தில் தங்கிவிட்டுக் காலை மின்சார ரயிலில் போவதுதான் சௌகரியம். பண்டிகை நாளை ஒட்டிப் போகாதீர்கள், பஸ்ஸில் வந்து பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டினால் அன்றைய பொழுது அங்கேயே. எங்கள் இருவருக்கும் ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்ந்து முந்நூறுக்குள் முடிந்தது. துப்பாக்கி வாங்கிய பில்லைக் கையோடு வைத்திருங்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பாயில் சுற்றாதீர்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். மாசிக்கு மேல் அந்தப் பள்ளத்தில் நிற்க முடியாது. யாராவது எனாமல் டப்பாவைத் திறந்தால் உடனே தடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டெல்லா அக்காவைக் கேட்டு அந்த ஐந்தாவது ஆட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். மூன்று பெயர் இருக்கும், நீங்கள் போவதற்குள் நாலாகவும் ஆகியிருக்கலாம். அவற்றுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும். அது என் வீட்டுக்காரருடையது. கணக்கில் கிடையாது.